பொய்க்காலோடு கோணேசர் மலை ஏற

இடது முழங்காலுக்குக் கீழே பொய்க்கால் பொருத்தி எனக்கு ஆறு வருடங்கள் ஆகின்றன. முதலில் காலுறைக் கணக்கைப் பழகுங்கள், அதாவது எஞ்சிய காலில் எத்தனை காலுறை போட்டால் பொய்க்கால் சரியாகப் பிடிக்கும் என்பதை. எஞ்சிய காலை நுழைக்கும் பொய்க்காலின் கிண்ணம் காலையில் இறுகப் பிடிக்கும்; கால் சுருங்குவதால் மதியத்துக்குள் தளர்ந்துவிடும். மீன் சந்தைக்குப் போனாலும் சட்டைப்பையில் மேலதிகக் காலுறை ஒன்று வைத்திருப்பேன். தளர்ந்தால் ஓரமாக உட்கார்ந்து போட்டுக்கொள்வேன். பார்ப்பவர்கள் பார்க்கட்டும்.

படி ஏற நல்ல கால் முன்னே, இறங்கப் பொய்க்கால் முன்னே.

திருகோணமலைக் கோணேசர் கோயிலில்தான் சரியாக மாட்டிக்கொண்டேன். என் பொய்க்கால் சப்பாத்தின் குதி உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்டது. வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும் முழங்கால் பின்னுக்கு இழுபட்டது. மனைவி தோளைப் பிடித்திராவிட்டால் அர்ச்சனைத் தட்டோடு விழுந்திருப்பேன். இப்போது குதிக்கு அடியில் அதே உயரத்தில் ரப்பர்த் துண்டு வைத்து, மேலே காலுறையை இழுத்துவிடுகிறேன். கால் செய்து தந்தவரிடம் அளவு கேட்டே துண்டை வெட்டுங்கள்.

உப்புவெளிக் கடற்கரை மணலில் நடந்தால், வீடு வந்ததும் ஈரத் துணியால் பொய்க்காலைத் துடையுங்கள். உப்பு திருகாணிகளைத் தின்றுவிடும்.

இரவில் கண்ணாடி பிடித்துத் தோலைப் பாருங்கள். சிவப்பு மறையாமல் நின்றால் மறுநாள் பொய்க்கால் வேண்டாம். ஊன்றுகோல் கட்டிலோடு சாய்ந்திருக்கட்டும்: தூக்கக் கலக்கத்தில் எழுபவனுக்கு நினைப்பில் இரண்டு கால்களும் இருக்கும்.