வன்னித் தண்ணியில் சேப்டி றேசர் சேவ்: தொடங்குகிறவர்களுக்கு

கார்ட்ரிஜ் பிளேட்டின் விலை ஏறியதிலிருந்து, இருபக்கப் பிளேட் ஒன்றைப் போட்டு வழிக்கிற பழைய வகை சேப்டி றேசருக்கு மாறலாமா என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். தாராளமாக மாறலாம். ஆனால் யூடியூப்பில் காட்டுகிற செய்முறையைக் கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ அப்படியே செய்தால், நுரை அடிக்கிற இடத்தில் நின்றுவிடுவீர்கள். அவர்கள் குழாயைத் திறந்து பிரஷை நனைக்க, அரை நிமிடத்தில் கட்டித்தயிர் மாதிரி நுரை எழும்புகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் எழும்புவது மெல்லிய குமிழ். முகத்தில் பூசி முடிக்க முன்னமே காய்ந்துவிடும். இதற்காகச் சவர்க்காரத்தையும் பிரஷையும் மாற்றி மாற்றி வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். தண்ணீரை மாற்றினால் காணும். இந்தப் பதிவில் பாதி தண்ணீரைப் பற்றித்தான்.

வாங்க வேண்டியவை

றேசர் மூன்று துண்டாகக் கழருவதாக இருக்கட்டும்: மேல்மூடி, அடித்தட்டு, பிடி. பிடியைத் திருகினால் மேல்மூடி இரண்டாகத் திறக்கிற பட்டர்பிளை வகை பார்க்க வடிவுதான். ஆனால் எங்கள் தண்ணீரின் சுண்ணாம்பும் சவர்க்காரக் கசடும் அதன் மூட்டுகளுக்குள் படிந்து, கொஞ்ச நாளில் இறுகிவிடும். மூன்று துண்டு வகையைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் வேலை முடிந்தது. யாழ்ப்பாணத்தில் சில வீடுகளில் அப்பப்பா காலத்து றேசர் அலுமாரிக்குள் கிடக்கும், எடுத்துக் கழுவிப் பாவிக்கலாம். 2009க்குப் பிறகு வன்னியில் பழைய பொருள் மிஞ்சிய வீடு குறைவு என்பதால் புதிதாக வாங்குகிற கணக்கில் எழுதுகிறேன். கொழும்பிலிருந்து தபாலில் எடுப்பிக்கலாம், அல்லது வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரரிடம் சொல்லிவிடலாம்.

பிளேட்டுக்கு அலையத் தேவையில்லை. சலூனில் நடுவில் முறித்துக் கத்தியில் செருகுகிறார்களே, அதே இருபக்கப் பிளேட். ஜில்லெட் இந்த வகை றேசருக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1904இல். இன்று கடையில் விற்கிற இருபக்கப் பிளேட்டுகள் பொது அளவில்தான் வருகின்றன. எந்தக் கம்பனியின் பிளேட்டும் எந்தக் கம்பனியின் றேசருக்குள்ளும் போகும். ஜப்பானின் ஃபெதர் மிகக் கூர், கை பழகிய பிறகு பார்க்கலாம். டெர்பி மாதிரி மெதுவான பிளேட்டில் தொடங்குங்கள்.

பிரஷில் என் தெரிவு செயற்கை மயிர். பன்றி மயிர்ப் பிரஷ் மலிவு, பழகினால் நல்ல வேலையும் செய்யும், ஆனால் ஒவ்வொரு முறையும் சில நிமிடம் ஊறவைக்க வேண்டும். வாங்கிய பிறகுதான் அது என்ன மயிர் என்று தெரிந்து தூக்கிப் போட்ட ஆட்களும் உண்டு. செயற்கை மயிரில் இந்தக் கரைச்சல் எதுவும் இல்லை, விரைவில் காய்ந்தும்விடும்.

சவர்க்காரத்துக்குப் பதிலாக முதலில் ரியூப்பில் வருகிற சேவிங் கிறீம் வாங்குங்கள், நுரை அடிக்க இலகு. குளிக்கிற சவர்க்காரம் வேண்டாம்; அதன் நுரை சேவ் முடியும்வரை நிற்காது.

தண்ணீர்

கிணற்றிலும் குழாய்க்கிணற்றிலும் வருகிற தண்ணீரில் கல்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது இதிலிருந்து வருவதுதான். சவர்க்காரத்திலுள்ள கொழுப்பமிலத்தை இந்தக் கல்சியம் பிடித்து, கரையாத கசடாக மாற்றிவிடுகிறது. கசடாகிப் போன சவர்க்காரம் நுரைக்க வராது. நீங்கள் மேலும் மேலும் கிறீம் பிதுக்குவீர்கள், அது மேலும் மேலும் கசடாகும்.

உங்கள் தண்ணீர் எப்படி என்று பார்க்க இரண்டு தெளிவான போத்தல் எடுங்கள். ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீர், மற்றதில் அதே அளவு மழைத்தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு சவர்க்காரச் சீவல் போட்டு, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். மழைத்தண்ணீரில் நுரை உயர்ந்து நிற்கும். மற்றதில் தண்ணீர் பால் மாதிரிக் கலங்கி, மேலே கசடு மிதந்தால் அது கடினத் தண்ணீர். ஷாம்பூவையோ பாத்திரம் கழுவுகிற திரவத்தையோ போட்டுப் பார்க்காதீர்கள், அவை எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும். டப்பாவில் வருகிற அமத்து நுரை எங்கள் ஊரில் நன்றாக வேலை செய்வதற்கும் காரணம் தண்ணீர்தான். அதற்கு வேண்டிய தண்ணீர் உள்ளேயே இருக்கிறது.

மூன்று வழி சொல்கிறேன்.

மிகச் சிறந்தது மழைத்தண்ணீர். கார்த்திகை, மார்கழி மழையில் கழுவிய வாளியை முற்றத்தில் வெறும் வானத்துக்குக் கீழே வைத்தாலே காணும். கூரையில் விழுந்து வருகிற தண்ணீர் தேவையில்லை. வடித்துப் போத்தலில் அடைத்து இறுக்கி மூடுங்கள். திறந்து கிடந்தால் நுளம்பு முட்டையிடும். ஒரு சேவுக்கு ஒரு தேத்தண்ணிக் கப் அளவு போதும் என்பதால் சில பெரிய போத்தல்கள் கோடைக்கும் மிஞ்சும்.

இரண்டாவது, குடிக்க வாங்குகிற ஆர்.ஓ. தண்ணீர். அதைச் சேவுக்கு எடுப்பதா என்று வீட்டில் கேட்பார்கள். ஒரு கப்தான் என்று சொல்லிச் சமாளியுங்கள்.

மூன்றாவது, கொதிக்கவைப்பது. நன்றாகக் கொதித்து ஆறிய தண்ணீரை இரவு அசையாமல் வைத்து, காலையில் மேல்தண்ணீரை மட்டும் மெதுவாக ஊற்றி எடுங்கள். வெள்ளைப் படிவு அடியில் தங்கிவிடும். ஆனால் எல்லாக் கடினமும் கொதியில் போகாது. கரையோரத்து உவர்க் கிணறுகளில் இது பெரிதாகக் கைகொடுக்காது.

நுரை

பிரஷை நனைத்து வடிவாக உதறுங்கள். ஒரு பாதாம் பருப்பளவு கிறீமைச் சிறு கிண்ணத்தில் போட்டு வட்டமாகச் சுழற்றுங்கள். முதலில் பசையாக வரும். இப்போது நாலு சொட்டுத் தண்ணீர், திரும்பச் சுழற்று; இன்னும் நாலு சொட்டு. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் பெரிய பெரிய குமிழாகிக் கெட்டுப்போகும். குமிழ் கண்ணுக்குத் தெரியாமல், மினுக்கத்தோடு, பிரஷைத் தூக்கினால் வளைந்து நிற்கிற பதம் வந்ததும் நிறுத்துங்கள். முகத்தை வெந்நீரால் கழுவி, ஈரத்தோடேயே பூசுங்கள்.

வழிப்பது

பிளேட்டை அதன் குறுகிய ஓரங்களில் பிடித்துப் போடுங்கள். மேல்மூடியைக் கன்னத்தில் தட்டையாக வைத்து, பிளேட் முகத்தைத் தொடுகிறவரை பிடியை மெதுவாகக் கீழே இறக்குங்கள். பிளேட்டுக்கும் தோலுக்கும் இடையில் ஏறக்குறைய 30 பாகை வரும், அளக்கத் தேவையில்லை. அமத்தாதீர்கள். கார்ட்ரிஜ்ஜில் பழகிய கை தானாக அமத்தும், வெட்டு விழுவது அதனால்தான். பிடியின் நுனியை இரண்டு விரலால் மட்டும் பிடித்தால் அமத்த வராது. றேசரின் பாரமே வேலையைச் செய்யும்.

மயிர் வளருகிற திசையிலேயே வழியுங்கள். கன்னத்தில் அது மேலிருந்து கீழ், பிரச்சினை இல்லை. கழுத்தில்தான் ஆளுக்கு ஆள் வேறு: சிலருக்குப் பக்கவாட்டில், சிலருக்குக் கீழிருந்து மேலே. இரண்டு நாள் தாடியோடு விரலால் தடவிப் பாருங்கள், எந்தப் பக்கம் சொரசொரக்கிறதோ அது எதிர்த்திசை. தொடக்கத்தில் ஒரு தடவை வழித்தால் போதும். பிறகு திரும்ப நுரை பூசிக் குறுக்காக ஒன்று. எதிர்த்திசையில் வழிப்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கல்யாண வீட்டுக்கு முதல்நாள் அதைப் பரீட்சிக்கவே வேண்டாம்.

முடிந்ததும் மிச்ச நல்ல தண்ணீரால் முகத்தைக் கழுவிவிட்டு, ஈர முகத்தில் சீனக்காரக் (படிகாரக்) கட்டியைத் தடவுங்கள். சிறு வெட்டில் இரத்தம் நிற்கும். எங்கே எரிகிறதோ அங்கே அமத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு நிமிடம் விட்டுக் கழுவுங்கள். றேசரைக் கழற்றிக் கழுவி உதறி வையுங்கள். பிளேட்டைத் துணியால் துடைத்தால் கூரும் போகும், விரலும் போகும். ஒரு பிளேட் மூன்று, நாலு சேவுக்கு வரும். மயிரை இழுப்பது போலத் தோன்றினால் உடனே மாற்றுங்கள்.

பின்னர் சேர்த்தது

தண்ணீரின் கடினம் போகத் தேசிக்காய் பிழியலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நுரை அடிக்கிற தண்ணீரில் வேண்டாம், புளி சவர்க்காரத்தையே முறித்துவிடும். றேசரில் வெள்ளைப் படிவு பிடித்தால் அதற்குத் தேசிக்காய் நல்லது. சாற்றில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, சில நிமிடம் மட்டும் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். இரவு முழுக்க விட்டால் மலிவான றேசரின் பூச்சு கழன்றுவிடும்.

பழைய பிளேட்டை எங்கே போடுவது என்பதை எழுத விட்டுப்போயிற்று. வளவில் குப்பையோடு கொளுத்தினால் பிளேட் எரியாது. மண்ணுக்குள் கிடந்து, வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளையின் காலில்தான் ஏறும். ரின்பால் பேணியை முழுக்கத் திறக்காமல், ஒரு துளையும் எதிரே பிளேட் நுழைகிற அளவுக்கு ஒரு கீறலும் போட்டுப் பாலை ஊற்றி எடுங்கள். பேணியைக் கழுவிக் காயவைத்து, பழைய பிளேட்டைக் கீறலுக்குள்ளால் போடுங்கள். நிரம்பக் கனகாலம் எடுக்கும். நிரம்பியதும் கீறலைத் தட்டி மூடி, பழைய இரும்பு எடுக்க வருகிறவரிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.