மெடிகேர்: அக்டோபர் 15-க்கு முன் மருந்துக் குப்பிகளை மேசையில் எடுத்து வையுங்கள்

அமெரிக்காவில் மெடிகேர் (முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வைத்திருக்கும் பெற்றோருக்குத் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் காலம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை. மாற்றம் ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வரும். "போன வருஷம் நல்லாத்தானே இருந்தது" என்று விட்டுவிட வேண்டாம். திட்டத்தின் பெயர் அப்படியே இருக்கும்; உள்ளே மருந்துப் பட்டியல் மாறியிருக்கும்.

1. கையில் இருப்பது எது?
சிவப்பு, வெள்ளை, நீல அட்டையையே மருத்துவரிடம் காட்டினால் அது ஒரிஜினல் மெடிகேர். மருந்துக்குப் பார்ட் டி எனும் காப்பீடு தனியாக இருக்கும். மெடிகேப் எனும் துணைக் காப்பீடும் இருக்கலாம். தனியார் நிறுவன அட்டை ஒன்றிலேயே எல்லாம் நடந்தால் அது அட்வாண்டேஜ்.

2. செப்டம்பர் கடிதம்
அட்வாண்டேஜ், பார்ட் டி நிறுவனங்கள் அடுத்த ஆண்டு மாற்றங்களைச் செப்டம்பர் மாதத்துக்குள் அனுப்பியாக வேண்டும். விளம்பரம் என்று குப்பையில் போடாதீர்கள். பிரீமியம், டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்டும் தொகை), மருந்துகளின் அடுக்கு (எந்த மருந்துக்கு நம் பங்கு எவ்வளவு என்ற பிரிவு) மூன்றையும் பாருங்கள்.

3. மருந்துகள்
நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஒவ்வொரு குப்பியிலிருந்தும் பெயர், மில்லிகிராம், மாதத்துக்கு எத்தனை மாத்திரை என்று குறியுங்கள். சாதாரண மெட்ஃபார்மினும் மெதுவாகக் கரையும் 'ஈஆர்' வகையும் ஒன்றல்ல. மாற்றிப் பதிந்தால் கணக்கே தப்பு. மெடிகேர் இணையதளத்தில் அஞ்சல் குறியீடு, மருந்துகள், வழக்கமான மருந்துக்கடை ஆகியவற்றைக் கொடுத்து, பிரீமியமும் மருந்துச் செலவும் சேர்ந்த ஆண்டுத் தொகைப்படி வரிசைப்படுத்துங்கள். பிரீமியம் பூஜ்யம் என்ற திட்டம் அந்த வரிசையில் கீழே போய் நிற்பது சகஜம்.

2026-இல் பார்ட் டி மருந்துகளுக்குக் கைக்காசு உச்சவரம்பு 2,100 டாலர். திட்டத்தின் பட்டியலில் இல்லாத மருந்துக்குக் கொடுக்கும் காசு இந்தக் கணக்கில் சேராது. மருந்துக்கு நிறுவனத்தின் முன்அனுமதி தேவையா என்ற குறிப்பையும் பார்த்துவிடுங்கள்.

4. மருத்துவர்
"மெடிகேர் எடுப்பீர்களா?" என்று கேட்டால் எல்லா அலுவலகமும் ஆமாம் என்னும். திட்டத்தின் முழுப்பெயரைச் சொல்லி, "ஜனவரியிலும் இதில் இருப்பீர்களா?" என்று கேளுங்கள். நிறுவனத்தின் இணையப் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள், பல நேரம் பழசாக இருக்கும்.

5. அட்வாண்டேஜா, மெடிகேப்பா?
ஒரிஜினல் மெடிகேரில் பார்ட் பி (மருத்துவர், வெளிநோயாளி சிகிச்சை) செலவில் பொதுவாக 20 சதவீதம் நம்முடையது, உச்சவரம்பும் கிடையாது. அந்த ஓட்டையை அடைப்பது மெடிகேப். அட்வாண்டேஜில் உச்சவரம்பு உண்டு. 2026-இல் நெட்வொர்க்குக்குள் (திட்டத்தோடு ஒப்பந்தமுள்ள மருத்துவர், மருத்துவமனைகளில்) அது 9,250 டாலரைத் தாண்டக்கூடாது.

ஆனால் 65 வயதுக்குப் பிறகு பார்ட் பி தொடங்கிய முதல் 6 மாதங்களில்தான் பொதுவாக எந்தக் கேள்வியும் இல்லாமல் மெடிகேப் கிடைக்கும். பிறகு பெரும்பாலான மாநிலங்களில் சர்க்கரை, இதயநோய் எல்லாம் விசாரித்து மறுக்கலாம். அதனால் நல்ல மெடிகேப்பை விடும் முன் பலமுறை யோசியுங்கள்.

ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரிஜினல் மெடிகேர் இந்தியாவில் அநேகமாகச் செல்லாது. மெடிகேப்பில் ஜி போன்ற வகைகள் பயணத்தின் முதல் 60 நாட்களில் வரும் அவசரச் சிகிச்சைக்கு, 250 டாலர் போக 80 சதவீதம் தரும். வாழ்நாள் வரம்பு 50,000 டாலர். அட்வாண்டேஜ் எடுத்தவர் சேவைப் பகுதியை விட்டு 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், பொதுவாகத் திட்டத்திலிருந்தே நீக்கப்படுவார்.

6. சேர்வது
புதிய அட்வாண்டேஜ் அல்லது பார்ட் டி-யில் சேர்ந்தாலே அதே வகைப் பழையது தானாக நின்றுவிடும். நீங்களே ரத்து செய்யப் போகாதீர்கள். மெடிகேப்பை மட்டும் நீங்கள்தான் நிறுத்த வேண்டும், அதுவும் புதியது உறுதியான பிறகு. அட்வாண்டேஜில் எச்எம்ஓ, பிபிஓ எனும் வகைகளை வைத்திருப்பவர் மலிவாக இருக்கிறதே என்று தனி பார்ட் டி எடுத்தால் அட்வாண்டேஜே போய்விடும். தப்பாகிவிட்டால், ஜனவரி 1-இல் அட்வாண்டேஜில் இருப்பவர்கள் மார்ச் 31-க்குள் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம்.

குழப்பமாக இருந்தால் மாநிலந்தோறும் இயங்கும் 'ஷிப்' எனும் மெடிகேர் உதவித் திட்டத்தின் ஆலோசகர்களைக் கேளுங்கள். கட்டணம் கிடையாது, கமிஷனும் வாங்குவதில்லை. நவம்பர் கடைசிக்குள் அழைத்துவிடுங்கள். டிசம்பர் முதல் வாரத்தில் நேரம் கிடைப்பது கஷ்டம்.