"உலகிலேயே மிக..." கேள்விகளைச் சண்டை வராமல் எழுதுவது எப்படி?

கல்லூரி விழாவிலோ, ஊர் நூலகத்திலோ, அபார்ட்மென்ட் பொங்கல் கொண்டாட்டத்திலோ வினாடி வினா நடத்தும் வேலை உங்கள் தலையில் விழுந்தால், கை முதலில் போவது "உலகிலேயே மிக உயரமான", "அதிக நாள் ஆண்ட", "முதன்முதலில் கடந்த" வகையறாவுக்குத்தான். எழுதச் சுலபம், கேட்கும் கூட்டத்துக்கும் பிடிக்கும். ஆனால் கேள்வி முடிந்த கையோடு யாராவது போனை நீட்டிக்கொண்டு மேடைக்கு வருகிறார் என்றால் அதற்குக் காரணமும் அநேகமாக இந்த வகைக் கேள்விதான். அவர் நீட்டும் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், நீங்கள் வைத்திருக்கும் விடையும் சரியாகவே இருக்கும், தப்பு கேள்வியில்தான். எதை வைத்து அளந்தோம் என்பதைக் கேள்விக்குள்ளேயே எழுதிவிடுங்கள். இந்த ஒன்றைச் செய்தால் பாதித் தலைவலி போய்விடும். மீதிப் பாதிக்குத்தான் கீழே எழுதியிருப்பதெல்லாம்.

மலைகளை வேகமாகக் கடந்துவிடலாம், பலருக்கும் தெரிந்த கதை. கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட், 8,848.86 மீட்டர், 2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த அளவு. அடிவாரத்திலிருந்து உச்சி வரை அளந்தால் ஹவாயின் மௌனா கேயா, அதன் பெரும்பகுதி கடலுக்குள் இருக்கிறது. பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரின் சிம்போராசோ, ஏனென்றால் பூமி நடுவில் கொஞ்சம் உப்பியிருக்கிறது, அந்த மலை நிற்பது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். "உலகின் உயரமான மலை எது?" என்று மொட்டையாகக் கேட்டால் மூன்று அணிக்கும் மதிப்பெண் தர வேண்டியதுதான். "பூமியின் மையத்திலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் மலையுச்சி எது?" என்று கேளுங்கள், விடை ஒன்றுதான். கேள்வியும் நல்ல கேள்வியாகிவிடுகிறது.

மழையிலும் இதே வம்பு உண்டு. மேகாலயாவில் மௌசின்ராம், செரபுஞ்சி இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஆண்டுச் சராசரியில் மௌசின்ராம் முன்னால் நிற்கிறது, சுமார் 11,870 மி.மீ. ஆனால் தொடர்ந்த பன்னிரண்டு மாதங்களில் பெய்த அதிகபட்ச மழை என்றால் செரபுஞ்சி, 1860 ஆகஸ்டிலிருந்து 1861 ஜூலை வரை 26,000 மி.மீ.-க்கும் மேல். ஒரே நாளில் (24 மணி நேரத்தில்) அதிக மழை என்று கேட்டால் இரண்டுமே இல்லை, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவு, 1966 ஜனவரியில் 1,825 மி.மீ. ஒரு நாளா, ஒரு வருடமா, முப்பது வருடச் சராசரியா என்பதைச் சொல்லாமல் மழைக் கேள்வி கேட்கவே கூடாது.

வெப்பநிலைக் கேள்வி எழுதுகிறவர்கள் முதலில் வீட்டிலிருக்கும் பழைய பொது அறிவுப் புத்தகத்தை மூடி வையுங்கள். லிபியாவின் அல் அசீசியாவில் 1922 செப்டம்பர் 13 அன்று 58 டிகிரி செல்சியஸ் பதிவானது என்று தொண்ணூறு ஆண்டுகள் உலகம் முழுக்க மனப்பாடம் செய்தார்கள். உலக வானிலை அமைப்பு பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்து, கருவியை வாசித்தவர் அனுபவம் இல்லாதவர், சுமார் ஏழு டிகிரி கூட்டி எழுதியிருக்கலாம் என்று முடிவுசெய்து, 2012-இல் அதே செப்டம்பர் 13 அன்று அந்தச் சாதனையை நீக்கியது. இப்போது அந்த அமைப்பின் பட்டியலில் இருப்பது கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கு, 1913 ஜூலை 10, 56.7 டிகிரி. அதையும் சந்தேகிக்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள், அதனால் "உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்ட" என்ற வார்த்தைகளைச் சேர்த்துவிடுங்கள், பொறுப்பு அவர்கள் தலைக்குப் போய்விடும். குளிருக்கும் இப்படித்தான். அண்டார்டிகாவின் வோஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று மைனஸ் 89.2 என்பது காற்றின் வெப்பநிலை. செயற்கைக்கோள்கள் அதைவிடக் குறைவாகக் காட்டியிருக்கின்றன, ஆனால் அது பனித் தரையின் வெப்பநிலை. இரண்டும் வேறு. போனை நீட்டுகிறவர் காட்டப்போவது அந்தச் செயற்கைக்கோள் செய்தியைத்தான், விடையைத் தயாராக வைத்திருங்கள்.

விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த கதை இவான் பெட்ரோசோவுடையது. கியூபாவின் நீளம் தாண்டும் வீரர், 1995 ஜூலையில் இத்தாலியின் செஸ்ட்ரியரேவில் 8.96 மீட்டர் தாண்டினார். அப்போதைய உலக சாதனை மைக் பவல் 1991-இல் டோக்கியோவில் தாண்டிய 8.95, அதைவிட ஒரு சென்டிமீட்டர் அதிகம். காற்று அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது என்று கருவி காட்டியது. ஆனால் அந்தக் கருவிக்கு முன்னால் ஒரு ஆள் மறைத்துக்கொண்டு நின்றது வீடியோவில் தெரிந்துவிட, சாதனை ஏற்கப்படவில்லை. பின்னாலிருந்து வீசும் காற்று விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் போனால் குறுந்தூர ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் சாதனை செல்லாது, அதை அளக்கும் கருவியே நம்பத் தகுந்ததாக இல்லை என்றால் என்ன செய்வது. ஆகவே "அதிகத் தூரம் தாண்டியவர்" என்று எழுதாதீர்கள், "அதிகாரபூர்வ உலக சாதனை" என்று எழுதுங்கள்.

மாரத்தானில் இந்த வித்தியாசம் இன்னும் பெரியது. 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் எலியூட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடி முடித்தார், இரண்டு மணி நேரத்துக்குள் அந்தத் தூரத்தை ஓடிய முதல் மனிதர். ஆனால் அது உலக சாதனை ஆகவில்லை. அது திறந்த போட்டி இல்லை, அவருக்காகவே ஏற்பாடு செய்த ஓட்டம், வேகம் காட்டுவதற்கு ஓடியவர்கள் முறைபோட்டு மாறிக்கொண்டே இருந்தார்கள், முன்னால் ஒரு கார் சாலையில் லேசர் கோடு போட்டுக் காட்டிக்கொண்டே போனது. அதற்காக அந்த ஓட்டத்தைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, 42 கிலோமீட்டரும் ஓடியது அவருடைய கால்கள்தான். கேள்வி எழுதும்போது மட்டும் "முதலில் ஓடியவர்" வேறு, "சாதனைப் பட்டியலில் இருப்பவர்" வேறு. பாஸ்டன் மாரத்தானையும் மறக்காதீர்கள். 2011-இல் ஜெஃப்ரி முட்டாய் அங்கே 2:03:02-இல் ஓடினார், அப்போதைய உலக சாதனையைவிட ஏறக்குறைய ஒரு நிமிடம் வேகம், ஆனாலும் ஏற்கவில்லை. பாஸ்டன் பாதை தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடத்துக்கு அதிகம் இறங்குகிறது, இரண்டுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரமும் விதி அனுமதிப்பதைவிட அதிகம், முதுகுக்குப் பின்னால் காற்று அடித்தால் கடைசி வரைக்கும் அடிக்கும்.

"முதல்" என்ற சொல் வந்தால் இரட்டிப்புக் கவனம். பாக் நீரிணையை முதலில் நீந்திக் கடந்தவர் யார் என்று கேட்டு மிஹிர் சென் என்று விடை எழுதிவைத்திருந்தால், இலங்கைத் தமிழர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் போதும், மாட்டிக்கொள்வீர்கள். மிஹிர் சென் கடந்தது 1966-இல். தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954-லேயே கடந்துவிட்டார். 1971-இல் வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் போய்த் திரும்பியும் வந்தார். "முதல் இந்தியர்", "முதலில் இருவழியும் கடந்தவர்" என்று ஒரு சொல் சேர்ந்தால் விடையே மாறிவிடுகிறது.

இனி அரசியல். நம் ஊரில் உண்மையான அடிதடிக்கு வாய்ப்பு இங்கேதான், ஏனென்றால் கேட்கிறவர்களுக்குக் கட்சி இருக்கும்.

தமிழ்நாட்டில் அதிக முறை முதல்வராக இருந்தவர் யார்? பதவிப்பிரமாணம் எடுத்த எண்ணிக்கை என்றால் ஜெயலலிதா, ஆறு முறை: 1991, 2001, 2002, 2011, 2015, 2016. இதில் 2002-உம் 2015-உம் தேர்தலுக்குப் பிறகு வந்தவை இல்லை, நீதிமன்றத் தீர்ப்புகளால் பதவி போய்த் திரும்பி வந்தவை. கருணாநிதி ஐந்து முறை, ஆனால் மொத்தக் காலம் அவருக்குத்தான் அதிகம், ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள். "அதிக முறை", "அதிக காலம்" இரண்டையும் கலந்துவிட்டால் மேடையில் தேர்தல் பிரசாரம் தொடங்கிவிடும். கலக்காமல் கேட்க நல்ல கேள்வி வேண்டுமென்றால், 1957 முதல் 2016 வரை சட்டமன்றத் தேர்தலில் நின்ற 13 முறையும் ஜெயித்தவர் யார் என்று கேளுங்கள். நின்ற முறை என்று சொல்லிவிட்டதால் 1984-இல் கருணாநிதி நிற்காதது பிரச்சினை ஆகாது.

குறைந்த நாள் முதல்வர்? ஜானகி ராமச்சந்திரன் என்று எல்லோரும் பஸ்ஸரை அமுக்குவார்கள், 1988 ஜனவரி 7 முதல் 30 வரை. ஆனால் அண்ணா 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்த பிறகு பிப்ரவரி 10 வரை நெடுஞ்செழியன் தற்காலிக முதல்வராக இருந்தார், அது ஒரே வாரம். எம்.ஜி.ஆர். மறைந்த பிறகும் அவரே இரண்டு வாரம். "தற்காலிக முதல்வர்களைத் தவிர்த்து" என்று போடாவிட்டால் நீங்கள் காலி. அப்புறம் நாள் கணக்கு: 7-ஆம் தேதியையும் 30-ஆம் தேதியையும் சேர்த்தால் 24, ஒன்றை விட்டால் 23. இரண்டையும் சரி என்று ஏற்றுக்கொள்ளுங்கள், இதற்காக ஒரு அணியைத் தோற்கடிப்பது அநியாயம். லிஸ் டிரஸ் பிரிட்டன் பிரதமராக இருந்தது 49 நாளா 50 நாளா என்பதும் இதே கணக்குதான்.

உலக அளவில் குறைந்த நேரம் என்றால் மெக்சிகோவின் பெட்ரோ லாஸ்குராயினைக் கேளுங்கள், விடை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கூட்டம் ரசிக்கும். 1913 பிப்ரவரி 19, ஜனாதிபதியும் துணை ஜனாதிபதியும் மிரட்டப்பட்டு ராஜினாமா செய்ய, சட்டப்படி அடுத்த வரிசையில் வெளியுறவு அமைச்சர் லாஸ்குராயின் ஜனாதிபதி ஆனார், கவிழ்ப்பை நடத்திய ராணுவத் தளபதி ஹுவெர்ட்டாவை உள்துறை அமைச்சராக நியமித்தார், உடனே தானும் விலகினார், வரிசையில் அடுத்து நின்ற ஹுவெர்ட்டா ஜனாதிபதி. ஆட்சிக் கவிழ்ப்புக்குச் சட்ட வேடம் போட்ட வேலை. நிமிடக் கணக்கு ஆளுக்கு ஒன்றாகச் சொல்லப்படுகிறது, அதனால் நிமிடத்தைக் கேட்காதீர்கள், "ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக" என்று கேள்வியிலேயே கொடுத்துவிட்டு ஆளைக் கேளுங்கள்.

அதிக காலம் ஆண்ட மன்னர் என்றால் இரண்டாம் எலிசபெத் என்பவர்களுக்குப் பதில்: பிரான்சின் பதினான்காம் லூயி 72 ஆண்டுகள், எலிசபெத் 70. சரி, லூயிதானா? ஸ்வாசிலாந்தின் இரண்டாம் சோபுஸா 82 ஆண்டுகள், 1899-இல் நான்கு மாதக் குழந்தையாக இருக்கும்போதே மன்னர். 1921 வரை அவருக்காகப் பாட்டி ஆண்டார், 1968 வரை நாடு பிரிட்டனின் பிடியில் இருந்தது. லூயியும் நான்கு வயதில் பட்டத்துக்கு வந்தவர், தானே ஆளத் தொடங்கியது 1661-இல். பட்டம் சூட்டிய நாளிலிருந்தா, கையில் அதிகாரம் வந்த நாளிலிருந்தா, சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா? மூன்றையும் முடிவுசெய்யாமல் இந்தக் கேள்வியை ஸ்லைடில் போடாதீர்கள். எகிப்தின் இரண்டாம் பெப்பி 94 ஆண்டு ஆண்டார் என்பதைத் தொடவே வேண்டாம், ஆய்வாளர்களே ஒத்துக்கொள்ளாத கணக்கு.

உலகின் முதல் பெண் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க, 1960 ஜூலை 21, இதில் தகராறு இல்லை. "தேர்ந்தெடுக்கப்பட்ட" என்று ஒரு சொல்லை அழகுக்காகச் சேர்த்தால்தான் தகராறு, ஏனென்றால் கட்சியைத் தேர்தலில் ஜெயிக்கவைத்தாரே தவிர அவர் போட்டியிடவில்லை, செனட் வழியாக வந்தார். "முதல் பெண் தலைவர்" என்று எழுதினால் 1940-இல், அப்போது தனி நாடாக இருந்த துவாவின் தலைவரான ஹெர்தெக் அஞ்சிமா-தோகா எழுந்து வருவார். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் பெண் ஜனாதிபதி என்றால் ஐஸ்லாந்தின் விக்டிஸ், 1980. எனக்குப் பிடித்தது வேறு: மகள் ஜனாதிபதியாகவும் தாய் பிரதமராகவும் ஒரே நேரத்தில் இருந்த நாடு எது? இலங்கை, 1994 முதல், சந்திரிகாவும் சிறிமாவோவும்.

தேதி போடாத சாதனைக் கேள்வி கெட்டுப்போகும். மிக நீளமான மின்னல் 768 கிலோமீட்டர், 2020-இல் அமெரிக்காவில், என்று 2022-இல் அறிவித்தார்கள். 2025-இல் பழைய செயற்கைக்கோள் பதிவுகளைத் திரும்ப அலசி 829 கிலோமீட்டர் என்று மாற்றினார்கள், அந்த மின்னல் அடித்தது 2017-இல்! காற்றிலும் இப்படி ஒன்று: 1996-இல் ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் புயலின்போது மணிக்கு 408 கிலோமீட்டர் வேகம் பதிவானது, அதை உலக சாதனையாக அங்கீகரித்தது 2010-இல்தான். நேற்று நடந்தது மட்டும்தான் சாதனையை மாற்றும் என்று நினைக்காமல், போட்டிக்கு முந்தைய நாள் இரவு எல்லா எண்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உயிரோடு இருப்பவர்களில் மூத்தவர் யார் என்பதையெல்லாம் கேட்கவே வேண்டாம். நிரூபிக்கப்பட்ட வயதில் அதிகம் வாழ்ந்தவர் என்றால் பிரான்சின் ழான் கால்மான், 122 ஆண்டு 164 நாள். "நிரூபிக்கப்பட்ட" முக்கியம், இல்லாவிட்டால் சோவியத் அரசு பெருமையாகக் காட்டிய 168 வயது ஷிராலி மிஸ்லிமோவை யாராவது கொண்டுவருவார்கள்.

உங்கள் ஊர்க்காரர் யாராவது தலைகீழாக நின்று திருக்குறள் சொல்லி "உலக சாதனை" சான்றிதழ் வாங்கியிருந்தால் அவரை மனமாரப் பாராட்டுங்கள், கேள்வியில் சேர்க்காதீர்கள். பணம் கட்டினால் பிரிவையே புதிதாக உருவாக்கிப் பதக்கம் கொடுக்கும் அமைப்புகள் நிறைய வந்துவிட்டன. போட்டியாளரே இல்லாத பிரிவில் முதலிடம் என்பதை எப்படிச் சரிபார்ப்பது?

கடைசியாக, சமநிலை வந்தால் பிரிக்க எண் கேள்வி ஒன்றைத் தனியாக எடுத்துவையுங்கள், இரண்டு அணியும் தாளில் எழுதித் தர வேண்டும், நெருங்கியவருக்கு வெற்றி. செரபுஞ்சியில் 1995 ஜூன் 15, 16 இரண்டு நாளில் பெய்த மழை எவ்வளவு? 2,493 மி.மீ. விடை மில்லிமீட்டரில் வேண்டும் என்பதைத் தாளைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், அங்குலத்தில் எழுதித் தரும் அணி ஒன்று எங்கேயாவது இருக்கும்.