ரைபிள் கட்டக் கொடுக்கிறீர்களா? கன்ஸ்மித்தைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறுகள்

அமெரிக்காவில் சில வருஷம் மான் வேட்டைக்குப் போனவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்துவிடும். கடையில் வாங்கியது போதும், நம் தோளுக்கும் கைக்கும் அளவெடுத்து ஒரு ரைபிள் செய்துகொள்ள வேண்டும். தையல்காரரிடம் சட்டை தைக்கக் கொடுப்பது மாதிரிதான். ஆனால் சட்டை கெட்டால் துணிக்காசோடு போகும்; இங்கே 4,000 டாலரும் ஒரு வருஷமும் சேர்ந்து போகும். டெக்சஸில் இருந்துகொண்டு நான் இரண்டு ரைபிள் இப்படிச் செய்துகொண்டேன். முதலாவதில் அநேகமாக எல்லாத் தவறையும் செய்துவிட்டேன்.

எதற்கு ரைபிள் என்று தீர்மானிக்காமல் ஆளைத் தேடப் போனதுதான் அதில் பெரிய தவறு. கன்ஸ்மித் என்றால் துப்பாக்கி செய்து, பழுதுபார்ப்பவர்; ஆனால் அது ஒரே தொழில் இல்லை. வால்நட் கட்டையைச் செதுக்கி ஸ்டாக் (தோளில் வைக்கும் கட்டை) செய்பவர் ஒருவர். லேத்தில் பேரல் (குழல்) பொருத்துவதில் கை தேர்ந்தவர் இன்னொருவர். கைத்துப்பாக்கி மட்டும் பார்ப்பவர்கள் உண்டு, ஷாட்கன் மட்டும் பார்ப்பவர்களும் உண்டு. கண் ஆபரேஷனுக்கு எலும்பு டாக்டரிடம் போவோமா? நான் போனவர் மேஜையில் வைத்துச் சுடும் போட்டி ரைபிள்களில் பெயர் வாங்கியவர். நான் கேட்டதோ கொலராடோ மலையில் தூக்கிக்கொண்டு நடக்க ஒன்று. அவர் பழக்கத்துக்குத் தடித்த பேரலைப் போட்டார். ரேஞ்சில் அருமையாகச் சுட்டது. மலையில் ரெண்டாம் நாளே தோள் விட்டுப்போனது.

அடுத்தது, போட்டோவைப் பார்த்து மயங்குவது. 100 கெஜத்தில் மூன்று ஓட்டை, மேலே ஒரு டைம் (10 சென்ட்) நாணயம் வைத்து மறைத்த படம் எல்லாக் கடைச் சுவரிலும் தொங்கும். மூன்றே மூன்று குண்டு நெருக்கமாக விழுவது சுமாரான ரைபிளிலும் எப்போதாவது நடக்கும். நடந்த அன்று எடுத்த படம்தான் சுவருக்கு வரும். 'அரை எம்.ஓ.ஏ. கியாரண்டி' என்று சொன்னால் (குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழும் என்று சொல்லும் கோண அளவு இது; ஒரு எம்.ஓ.ஏ. என்பது 100 கெஜத்தில் 1.047 அங்குலம்), உடனே கேளுங்கள்: எத்தனை குண்டு, எத்தனை தடவை, கடைத் தோட்டாவா வீட்டில் நிரப்பியதா, சுடுவது யார்? ஐந்து குண்டு வீதம் நாலைந்து இலக்குத்தாளை வரிசையாக எடுத்துக் காட்டுபவர் நம்பத் தகுந்தவர். கேள்வி கேட்டதற்கே முகம் சுளிப்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பேரலைக் கன்ஸ்மித்தே செய்கிறார் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. விஸ்கான்சினில் க்ரீகர், பார்ட்லைன், மொன்டானாவில் லில்யா மாதிரி பேரல் மட்டுமே செய்யும் கம்பெனிகளிடமிருந்து வாங்கித்தான் பொருத்துகிறார்கள். குண்டைச் சுழல வைக்கும் உட்புற வரிகளை முதல் இருவரும் வெட்டி எடுப்பவர்கள், லில்யா 'பட்டன்' என்ற கடினமான உலோகத் துண்டை உள்ளே இழுத்துப் பதிப்பவர். எது உசத்தி என்ற சண்டை, காபியில் சிக்கரி சேர்க்கலாமா என்ற சண்டை மாதிரி, முடியவே முடியாது. இரண்டிலும் நல்ல பேரல் வருகிறது. கன்ஸ்மித்தின் கைவேலை தெரியும் இடம் சேம்பர், அதாவது தோட்டா போய் உட்காரும் அறை.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்திலிருந்து, தோட்டாவின் தோள் (கூடு கழுத்தை நோக்கிக் குறுகும் இடம்) சேம்பரில் தட்டி நிற்கும் இடம் வரை உள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகைக்கு இதைச் சோதிக்க எஃகில் இரண்டு கேஜ் உண்டு: 'கோ' 1.630 அங்குலம், 'நோ-கோ' 1.634. முதலாவதைப் போட்டால் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதைப் போட்டால் மூடக் கூடாது. வித்தியாசம் 0.004 அங்குலம், கிட்டத்தட்ட ஒரு பிரிண்டர் தாளின் தடிமன். அந்தத் தாளளவுக்குள் நிறுத்தத்தான் அவருக்குக் காசு. பிரிட்டனில் லண்டன், பர்மிங்காம் போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனைச்சாலை முத்திரை இல்லாமல் துப்பாக்கியை விற்க முடியாது. அமெரிக்காவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆகவே ரைபிளை வாங்கப் போகும்போது உங்கள் கண் முன்னாலேயே இரண்டு கேஜையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதே இல்லை.

சேம்பருக்கு முன்னால் 'த்ரோட்' என்று ஒரு சின்னத் தூரம் இருக்கிறது. கூட்டிலிருந்து கிளம்பிய குண்டு உள்வரிகளைத் தொடும் வரை உள்ள இடம். என் முதல் ரைபிளில் இதை நீளமான போட்டிக் குண்டுக்காக வெட்டிவிட்டார். நான் போடும் வேட்டைக் குண்டு குட்டை. வரிகளுக்குப் பக்கத்தில் நிற்கும்படி தோட்டாவை நீட்டிச் செய்தால் மேகசினுக்குள் நுழையாது. மேகசினுக்குத் தகுந்தபடி செய்தால் குண்டு எங்கோ பின்னால் நிற்கும். எத்தனை விதமாக நிரப்பிப் பார்த்தும் அந்த ரைபிள் என்னோடு ஒத்துவரவே இல்லை. அவர் மேல் முழுப் பழியையும் போட முடியாது. என்ன குண்டு போடுவாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டாவது ஆள் எடுத்த எடுப்பிலேயே கேட்டது டம்மி தோட்டா: மருந்தும் பிரைமரும் இல்லாமல், நான் போடப் போகும் குண்டையே சரியான நீளத்தில் செருகிய இரண்டு உருப்படி. அதை வைத்துத்தான் வெட்டினார்.

அவரைப் பிடித்துப் போனதற்குக் காரணமும் அதுதான். முதல் போனிலேயே முக்கால் மணி நேரம் என்னைக் கேள்வி கேட்டார். எவ்வளவு தூரத்தில் சுடுவாய், குளிரில் எத்தனை தடிமனான ஜாக்கெட் போடுவாய் (ஸ்டாக்கின் நீளம் அதைப் பொறுத்தது), வருஷத்துக்கு எத்தனை தோட்டா போகும் என்று. நான் ஒரு அபூர்வமான வைல்ட்கேட் காலிபரில் (தோட்டாக் கம்பெனிகள் செய்யாத, தனியார் வடிவமைத்த அளவு) ஆசை வைத்திருந்தேன். "சின்ன ஊர்க் கடையில் தோட்டா கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டு, 2007-இல் வந்து இன்று எல்லாக் கடையிலும் கிடைக்கும் 6.5 க்ரீட்மூருக்குத் திருப்பிவிட்டார். வாடிக்கையாளர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுபவரைவிட இப்படித் தடுப்பவர் மேல்.

காலக்கெடு, பணம் இரண்டையும் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். எனக்கு நாலு மாசம் என்றார்கள், ஆனது 13 மாசம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்திருந்ததால் என் போனுக்கு அவசரமே இல்லை. ஆக்‌ஷன் (போல்ட் ஓடும் மையப் பகுதி), பேரல் போன்ற உருப்படிகளை நாமே வாங்கிக் கொடுத்துவிட்டு, கூலியில் பாதி முன்பணம், மீதி கையில் வாங்கும்போது என்பது நியாயமான ஏற்பாடு. எந்த ரீமரால் (வெட்டும் கருவி) சேம்பர் வெட்டினார், பேரல் யாருடையது, ட்விஸ்ட் (உள்வரி எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது) என்ன என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பேரல் தேய்கிற சாமான். மாற்றும் நாளில் அவர் தொழிலில் இல்லாவிட்டாலும் அடுத்தவருக்கு அந்தத் தாள் போதும். இதே காரணத்துக்காக, ரெமிங்டன் 700-இன் அளவில் அமைந்த ஆக்‌ஷன் நல்லது. அந்தக் கம்பெனி 2020-இல் திவாலானது; ஆனால் அந்த அளவுக்குப் பொருந்தும் ஸ்டாக்கும் டிரிகரும் இன்றும் பல பேர் செய்கிறார்கள்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. கன்ஸ்மித்திடம் எஃப்.எஃப்.எல். (மத்திய அரசின் துப்பாக்கித் தொழில்) லைசென்ஸ் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். புது ஆக்‌ஷன் லைசென்ஸ் உள்ள டீலர் வழியாக, துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தை நிரப்பித்தான் வரும். நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைப் பொதுவாக மத்திய சட்டம் தடுக்கிறது. மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசாவில் இருந்தால் முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வக்கீலைக் கேட்டுவிடுவது உத்தமம்.

ரைபிள் கைக்கு வந்த பிறகும் ஒரு தவறு நடக்கும். முதல் நாள் சரியாகச் சுடவில்லை என்றதும் நாமே ஆக்‌ஷன் ஸ்க்ரூவைத் திருகி, டிரிகரைத் தளர்த்தி, பேரலை ஏதாவது பசை போட்டுத் தேய்த்து வைப்போம். அதற்குப் பிறகு கன்ஸ்மித்திடம் கொண்டுபோனால் யார் செய்த கோளாறு என்று அவராலும் சொல்ல முடியாது. முதல் 20 தோட்டாவின் காலிக் கூடுகளையும், சுட்ட இலக்குத்தாளையும் ஒரு பையில் போட்டு, தேதி எழுதி, அப்படியே கொண்டுபோய் அவர் மேஜையில் வையுங்கள்.