சென்டர் ஸ்டாண்டு போட வண்டியைத் தூக்க வேண்டாம், ஏறி நின்றால் போதும்

பைக் ஓட்டக் கற்று ஆறேழு மாதம் ஆகியும் சென்டர் ஸ்டாண்டு போடத் தெரியாமல் சைடு ஸ்டாண்டிலேயே காலம் தள்ளியவன் நான். செயின் துடைக்க வேண்டுமென்றால் உதவிக்கு யாராவது கண்ணில் படுகிறார்களா என்று பார்ப்பேன். ஒருநாள் வொர்க்‌ஷாப்பில், என்னைவிட ஒல்லியான ஒரு பெரியவர், காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிப் பேசிக்கொண்டே என் வண்டியை ஒரே மிதியில் ஸ்டாண்டு போட்டுவிட்டு நகர்ந்தார். பேச்சுகூட நிற்கவில்லை. அதற்கு முந்தைய நாள்தான் அதே வண்டியோடு மல்லுக்கட்டி முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போனை வைத்ததும் அவரிடமே கேட்டேன். "நீ வண்டியைத் தூக்கப் பாக்குற தம்பி. தூக்காத. மிதி மேல ஏறி நில்லு, அதுவா ஏறிக்கும்" என்றார். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அந்த ஏறி நிற்பதைக் கால் வழுக்காமல், வண்டி சாயாமல் செய்யக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

முதலில் குனிந்து பாருங்கள்

வண்டியைச் சைடு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அடியில் ஒருமுறை எட்டிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டுக்கு இரண்டு கால்கள். மேல்முனை வண்டியின் சட்டத்தோடு போல்ட்டில் சேர்ந்திருக்கும். மடங்கியிருக்கும்போது இரண்டு கால்களும் பின்சக்கரத்தைப் பார்த்தபடி படுத்திருக்கும், ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருக்கும். இடது பக்கக் காலிலிருந்து ஒரு கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் மிதி.

மிதியை அழுத்தினால் கால்கள் இறங்கித் தரையைத் தொடும். தொட்ட பிறகு அவை நகராது, வண்டிதான் நகரும். ஊன்றிய கால்களின் மேல் வண்டி கொஞ்சம் உயர்ந்து, கொஞ்சம் பின்னால் போய், உச்சியைத் தாண்டியதும் 'தொப்'பென்று உட்காரும். வண்டி போக நினைப்பது பின்பக்கம். நாமோ கையால் மேல்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறோம். முதுகு பிடிப்பது இதனால்தான்.

ஒரு சின்னக் கணக்கு. வண்டியின் எடை 140 கிலோ, ஸ்டாண்டில் ஏறும்போது அது முழுதாக 3 செ.மீ. உயர்கிறது, மிதி 12 செ.மீ. கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் காலால் சராசரியாக 35 கிலோ அளவுக்கு அழுத்தினால் போதும். நடுவில் ஓர் இடத்தில் இதைவிடக் கூடும், மறுபடி குறையும். எண்கள் வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் ஏறி நின்றாலே தேவையான அழுத்தம் கிடைத்துவிடும் என்பது புரிகிறதல்லவா? நம் உடல் எடை சும்மா கிடைக்கும் சரக்கு. அதை விட்டுவிட்டுக் கைபலத்தை நம்புவானேன்?

இடமும் தயாரிப்பும்

தரை கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். மண்தரையில் ஸ்டாண்டு கால்கள் புதையும், பாதி உழைப்பு மண்ணுக்கே போய்விடும். வேறு இடமே இல்லையென்றால் இரண்டு கால்களும் ஊன்றும் இடத்தில் ஒரு தட்டையான பலகையைப் போட்டுக்கொள்ளுங்கள். லேசான சரிவு என்றால் வண்டியின் முகம் மேட்டைப் பார்த்து இருக்கட்டும். வண்டி பின்னோக்கி நகர வேண்டும் என்பதால் அந்தச் சரிவு உங்களுக்கு உதவும். பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால் போடுவதும் கஷ்டம், போட்ட பிறகு முன்னால் உருண்டு ஸ்டாண்டிலிருந்து இறங்கிவிடும் ஆபத்தும் உண்டு. செங்குத்துச் சரிவில் எந்தப் பக்கமும் வேண்டாம்.

எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். கியரில் இருந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டியைப் பின்னால் நகரவிடாது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மிதிப்பவர்களுக்கும் அதே கதைதான்.

சைடு ஸ்டாண்டு நீட்டியபடியே இருக்கட்டும், மடக்க வேண்டாம். வண்டி நிமிர்ந்து நிற்கும்போது அது தரையில் முட்டாது. கைதவறி உங்கள் பக்கம் சாய்ந்தால் தாங்கிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது.

காலில் ஷூ அவசியம். செருப்போடு மிதித்து, வழுக்கி, மிதிக்கம்பி முழங்காலுக்குக் கீழே எலும்பில் 'ணங்'கென்று இடித்தால் வரும் வலியை எழுத்தில் சொல்ல முடியாது. அந்தப் பெரியவர் செருப்போடுதான் போட்டார், சரிதான். அவருக்கு அது எத்தனையாவது வண்டியோ!

பெட்டி, பை என்று சுமை கட்டியிருந்தால் இறக்கிவிடுங்கள்.

இனி ஸ்டாண்டு போடலாம்

ஒன்று. வண்டியின் இடது பக்கம் வண்டியைப் பார்த்தபடி, இடுப்பு சீட்டுக்கு நெருக்கமாக இருக்கும்படி நில்லுங்கள். தள்ளி நின்றால் எட்டிக் குனிய வேண்டிவரும், எடை மிதியில் இறங்காது. இடது கை ஹேண்டில்பாரின் இடது பிடியில். வலது கை சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கைப்பிடியில். அந்தக் கைப்பிடி இல்லாத வண்டி என்றால் சீட்டுக்கு அடியில் சட்டத்தின் இரும்புக் குழாயைத் தேடிப் பிடியுங்கள். பிளாஸ்டிக் மூடியையோ இண்டிகேட்டரையோ பிடித்தால் கையோடு வந்துவிடும். சில பெரிய டூரிங் வண்டிகளில் இதற்கென்றே இடது பக்கத்தில் ஒரு மடக்குக் கைப்பிடி வைத்திருப்பார்கள்.

இரண்டு. வண்டியை நிமிர்த்தி, ஹேண்டில்பாரை நேராக்குங்கள். முன்சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தால் ஏறும்போது வண்டி அந்தப் பக்கம் இழுக்கும்.

மூன்று. வலது காலால் மிதியை மெல்ல அழுத்தி ஸ்டாண்டைக் கீழே இறக்குங்கள். இன்னும் பலம் போட வேண்டாம், தரையைத் தொட்டால் போதும்.

நான்காவதுதான் உயிர்நாடி. மிதியில் லேசாக அழுத்தம் வைத்தபடி வண்டியை இடமும் வலமுமாக ஒரு சுண்டுவிரல் அளவு ஆட்டிப் பாருங்கள். ஸ்டாண்டின் ஒரு கால் மட்டும் தரையில் இருந்தால் வண்டி அந்த ஒற்றைக் காலில் தள்ளாடும். கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் இன்னொரு காலும் 'டக்'கென்று தரையில் உட்காருவது உள்ளங்காலுக்குத் தெரியும். காதிலும் கேட்கும். இப்போது வண்டி திடீரென்று சாதுவாகிவிடும், கையில் பாரமே தெரியாது. அந்த நிலை வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஒற்றைக் காலில் நிற்கும் ஸ்டாண்டை எவ்வளவு மிதித்தாலும் வண்டி பக்கவாட்டில்தான் திருகிக்கொள்ளும். "எனக்குப் பலம் பத்தலை" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை பலமே இல்லை, இந்த இரண்டாவது 'டக்' வராததுதான்.

முதல் நாளில் நான்காவது படியோடு நிறுத்திவிட்டு, வண்டியை மறுபடி சைடு ஸ்டாண்டில் சாய்த்து, திரும்பவும் முதலிலிருந்து செய்து பார்க்கலாம். பத்துத் தடவை செய்தால் அந்த 'டக்' காலுக்குப் பழகிவிடும்.

ஐந்து. மிதியின் மேல் பாதத்தின் நடுப்பகுதியை, இல்லை குதிகாலுக்குச் சற்று முன்னால் உள்ள இடத்தை வையுங்கள். விரல் நுனியில் மிதிக்காதீர்கள். இப்போது படிக்கட்டில் ஒரு படி ஏறுவதுபோல வலது காலை நேராக்கி அதன் மேல் ஏறி நில்லுங்கள். இடது கால் தரையிலிருந்து எழும்பினாலும் பரவாயில்லை, எழும்பினால்தான் முழு எடையும் மிதிக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். முதுகு நேராக, பார்வை முன்னால். வலது கை கைப்பிடியை லேசாகப் பின்னும் மேலுமாகச் சேர்த்துக் கூட்டிப் போனால் போதும், இழுக்க வேண்டாம். இடது கை ஹேண்டில்பாரைத் திரும்பவிடாமல் பார்த்துக்கொள்ளும். வண்டி பின்னால் நகர்ந்து உட்கார்ந்துவிடும்.

உதைக்கவும் கூடாது, குதிக்கவும் கூடாது. அவசரப்பட்டுக் குதித்தால் கால் வழுக்கும். தயங்கித் தயங்கி அழுத்தினாலும் பாதி ஏறி மறுபடி இறங்கிவிடும். ஒரே சீரான அழுத்தமாக இருக்கட்டும்.

சாய்ந்தால்?

பெரும்பாலும் வண்டி சாய்வது வலது பக்கம்தான். நம் மேல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் தெரியாமலே அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறோம். எனக்கும் நடந்தது, பிரேக் லீவர் வளைந்துபோனது. அதனால் முதல் சில தடவை வலது பக்கம் ஒருவரை நிற்கவையுங்கள். அவர் தூக்க வேண்டியதில்லை, சீட்டில் உள்ளங்கையை வைத்து வண்டி தன் பக்கம் சாயாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: நிறைய வண்டிகளில் சைலன்சர் வலது பக்கம்தான் இருக்கிறது. ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு பழக வேண்டாம், பாவம் அவர் கால்.

ஒரு கட்டத்துக்கு மேல் சாய்ந்துவிட்டால் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். விட்டுவிட்டு விலகுங்கள். லீவரை மாற்றிக்கொள்ளலாம், இடுப்பை மாற்ற முடியாது.

எல்லாம் சரியாகச் செய்தும் ஏறவில்லை என்றால்

பின்டயரில் காற்றைப் பாருங்கள். காற்று குறைந்தால் வண்டி தாழ்ந்துவிடும், ஸ்டாண்டு கால்கள் நிமிராமல் படுத்த நிலையிலேயே தரையைத் தொடும். கால்கள் எவ்வளவு நிமிர்ந்து தரையைத் தொடுகின்றனவோ அவ்வளவுக்கு நம் வேலை குறைவு. ஷாக் அப்சார்பர் தளர்ந்து பின்பக்கம் அமுங்கிய வண்டிக்கும், உயரத்தைக் குறைத்து மாற்றியமைத்த வண்டிக்கும் இதுவே காரணம்.

அடுத்தது கிரீஸ். ஸ்டாண்டு சட்டத்தோடு சேரும் இடத்தில் சேறும் துருவும் ஏறினால் மிதியே கல்லாகிவிடும். கழுவித் துடைத்து, அங்கே கிரீஸ் வைத்து, கையால் நாலு தடவை இறக்கி ஏற்றிப் பாருங்கள். நான் பல மாதம் என் கால்பலத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். குற்றவாளி அந்தப் போல்ட்.

இவற்றையும் தாண்டி வண்டியே கனம், 190 கிலோவுக்குப் பக்கம் என்றால், ஒரு பலகை போதும். ஓர் அடிக்குக் குறையாத நீளம், சுமார் ஒன்றரை செ.மீ. கனம். பிளைவுட் துண்டு இருந்தால் நல்லது. அதைத் தரையில் வைத்து, வண்டியை உருட்டிப் பின்சக்கரத்தை மட்டும் அதன் மேல் ஏற்றுங்கள். ஸ்டாண்டு கால்கள் பலகையில் படாமல் வெறும் தரையில்தான் ஊன்ற வேண்டும். வண்டி பின்னால் நகரும் என்பதால் சக்கரத்துக்குப் பின்னால் பலகை மிச்சம் இருக்கட்டும். பிறகு அதே ஐந்து படிகள். ஒன்றரை செ.மீட்டரில் என்ன ஆகிவிடும் என்று தோன்றும், ஆனால் ஏற வேண்டிய மொத்த உயரமே சில செ.மீ. தானே! ஈரத்தரையில் மட்டும் பலகை வழுக்கும், வேண்டாம்.

ஸ்கூட்டருக்கும் இதே முறைதான். பிரேக் லாக் உள்ள வண்டி என்றால் முதலில் அதை விடுவித்துவிடுங்கள்.

இறக்குவது

ஸ்டாண்டிலிருந்து இறக்கும்போதுதான் புதியவர்கள் வண்டியைக் கீழே போடுகிறார்கள். முதல் வேலையாகச் சைடு ஸ்டாண்டை நீட்டுங்கள். மறந்துவிட்டு வண்டியை இறக்கிய பிறகு ஒற்றைக் காலால் அதைத் தேடித் துழாவுவது பெரிய அவஸ்தை. இடது பக்கம் நின்று ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து, வலது கையின் இரண்டு விரல்களை முன்பிரேக் லீவர் மேல் வைத்துக்கொள்ளுங்கள். உடலை முன்னால் சாய்த்து ஒரு தள்ளு. வண்டி உருண்டு இறங்கியதும் பிரேக்கை மென்மையாகப் பிடித்து, உங்கள் பக்கம் சாய்த்துச் சைடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சீட்டில் உட்கார்ந்து முன்னால் உந்தி இறக்குபவர்களும் உண்டு. கால் இரண்டும் நன்றாகத் தரையில் எட்டுபவர்களுக்குச் சரி, பழகும் காலத்தில் வேண்டாம்.

கிளம்பும் முன் ஸ்டாண்டு முழுதாக மடங்கியிருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்த ஸ்டாண்டு பாதியிலேயே தொங்கும், வண்டியைச் சாய்த்துத் திரும்பும்போது தரையில் உரசும். அப்படித் தொங்கினால் ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு வண்டியை எடுங்கள்.