பட்டாபிஷேகம் முடிந்ததும் கதை ஏன் படுத்துவிடுகிறது?

நாயக்கர் கால மதுரையில் ஓர் இளவரசன், ஒரு பூக்கட்டும் வீட்டுப் பெண். முதல் பாகத்தின் கடைசியில் சேர்ந்துவிட்டார்கள். "ரெண்டாம் பாகம் எப்போ?" என்று வாசகர்கள் கேட்கிறார்கள். இளையோருக்கான அரச காதல் தொடர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

முதல் பாகத்தை இழுத்துப் போனது 'சேர்வார்களா, மாட்டார்களா' என்ற கேள்வி. அது தீர்ந்துவிட்டது. வேறு கேள்வி கைவசம் இல்லாதபோது அதையே மறுபடி கிளப்பத் தோன்றும். ஓலை கைமாறும். தூணுக்குப் பின்னால் நின்று அவள் பாதிப் பேச்சைக் கேட்பாள். கோபித்துக்கொண்டு அழகர்மலைப் பக்கம் போய்விடுவாள். முப்பது அத்தியாயம் செலவழித்து ஒருவரையொருவர் நம்பக் கற்றவர்கள் ஒற்றை ஓலைக்கு உடைந்தால், அந்த முப்பதும் வீண் என்றுதான் படிக்கிறவருக்குப் படும். இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. இருவரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் காட்சியை முதலில் எழுதிப் பாருங்கள். பேசி முடித்ததும் சண்டை தீர்ந்துவிட்டால் அந்தச் சண்டையைத் தூக்கிப் போடுங்கள். பேசிய பிறகும் சிக்கல் அசையாமல் நின்றால் வைத்துக்கொள்ளலாம்.

அசையாத சிக்கல் அரியணையிலேயே கிடைக்கும். நாயக்கர் ஆட்சி 72 பாளையங்களை நம்பி நின்றது. ஒரு பாளையக்காரர் கப்பத்தை நிறுத்துகிறார். தன் மகளை அரசன் மணந்தால் படையோடு வருவதாகச் சொல்லி அனுப்புகிறார். படைத்தலைவரான தளவாய் ஒப்புக்கொள்ளச் சொல்கிறார். மறுத்தால் எல்லையில் ஊர்கள் எரியும். காதலர் இருவர்மேலும் பிழையில்லை, ஆனாலும் ஒருவர் நோகத்தான் வேண்டும். அரசர்களுக்குப் பல மனைவியர் இருந்த காலம் அது என்பதைப் பூசி மெழுகாமல் எழுதினால் அவளுடைய பயத்துக்கு எடை கூடும். நாற்பது அத்தியாயத் தொடர் என்றால், நான்காவதுக்குள் இந்த முடிச்சு விழுந்துவிட வேண்டும்.

நாயகி விஷயம் இன்னும் மோசம். மதில் ஏறிக் குதித்த பெண், ராணியானதும் அந்தப்புரத்தில் அழுகிறாள், மயங்குகிறாள், காத்திருக்கிறாள். இத்தனைக்கும் 1689இல் பச்சிளம் பேரனுக்காகப் பொறுப்பேற்று நாடாண்ட ராணி மங்கம்மாள் இதே வம்சத்தில்தான் இருக்கிறார்! நாயகிக்கு வேலை கொடுங்கள்: கண்மாய் மடைத் தகராறு, சுங்கம் வசூலிக்கிறவன் மேல் புகார், பூக்காரத் தெருவிலிருந்து வரும் பழைய தோழியின் மனு. மூன்று அத்தியாயத்துக்கு ஒரு தீர்ப்பாவது அவள் சொல்லட்டும். அதில் ஒன்று தப்பாகப் போகட்டும். அந்தத் தோழிக்குச் சொன்னதே தப்பாகப் போனால் இன்னும் நல்லது.

முன்கதைச் சுருக்கத்தை முதல் அத்தியாயத்தில் மொத்தமாகக் கொட்டாதீர்கள், தேவைப்படும் இடத்தில் இரண்டு வரி போதும். நாயகனைவிட நல்லவனாக இன்னொரு இளவரசனைக் கொண்டுவந்து, கடைசியில் அம்பு பாய்ச்சிக் கொன்றுவிடும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். மூன்றாம் பாகத்துக்குத் தூண்டில் போட ஆசைப்பட்டு முடிச்சை அவிழ்க்காமல் விடுவதுதான் வாசகரை அதிகம் எரிச்சலூட்டும். இந்தப் பாகத்தின் கேள்விக்கு இந்தப் பாகத்திலேயே பதில் வர வேண்டும். புதுக் கேள்வியைக் கடைசி பத்து வரியில் வையுங்கள்.

அடுத்தது ஊர். முதல் பாகம் மாசி வீதிகளுக்குள்ளேயே சுற்றியிருக்கும். இரண்டாம் பாகத்தில் பயணம் வரும், பிழைகளும் கூடவே வரும். மதுரையிலிருந்து திருச்சி ஏறத்தாழ 135 கிலோமீட்டர். குதிரையை மாற்றாமல் போனால் இரண்டு மூன்று நாள் ஆகும், பல்லக்கு என்றால் இன்னும் அதிகம். சாயங்காலம் கிளம்பி விடியலில் போய் இறங்க முடியாது. சொக்கநாத நாயக்கர் காலத்தில் தலைநகரே திருச்சிக்குப் போய்விட்டது, அதற்குப் பிறகு நடக்கும் கதையில் தர்பாரை மதுரையில் வைக்காதீர்கள். கதை 1636க்கு முந்தியது என்றால் திருமலை நாயக்கர் மகாலில் யாரையும் நடமாட விடாதீர்கள். வெளி வீதிகளும் அப்படித்தான். 19ஆம் நூற்றாண்டில் கோட்டையை இடித்த பிறகு வந்தவை அவை.

திருவிழாக் காட்சி இல்லாமல் யாரும் விடுவதில்லை. தெப்பம் தை மாதம், அழகர் ஆற்றில் இறங்குவது சித்திரை. மீனாட்சி திருக்கல்யாணத்தையும் அழகர் விழாவையும் சித்திரையில் ஒன்றாக இணைத்தவர் திருமலை நாயக்கர் என்பதால், அவருக்கு முந்திய கதையில் இரண்டையும் ஒரே மாதத்தில் வைக்க முடியாது. அப்புறம் அந்தத் தண்ணீர். நாயகி கால் வழுக்கி விழ, நாயகன் நீந்திக் காப்பாற்றும் அளவுக்குச் சித்திரை வெயிலில் வைகை புரண்டு ஓடுகிறது! இப்போது அழகருக்காகத் திறந்துவிடும் வைகை அணையே 1959இல்தான் வந்தது. அவளை மணலில் விழ விடுங்கள்.