தண்டுவடக் காயம்: மறுவாழ்வுப் பிரிவில் இடம் கிடைக்கும்வரை

அறுவை சிகிச்சை முடிந்து தையல் பிரித்ததும் பொது மருத்துவமனை கட்டிலைக் காலி செய்யச் சொல்லிவிடும். மறுவாழ்வுப் பிரிவிலோ காத்திருப்போர் பட்டியல். இந்த இடைவெளியில் குடும்பத்தார் கேட்பதெல்லாம் "எப்போது நடப்பார்?" என்பதுதான். ஆனால் ஆளைத் திரும்பவும் வார்டுக்குக் கொண்டுபோவது படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்.

டிஸ்சார்ஜுக்கு முன்பே இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: காயம் எந்த மட்டத்தில், முழுமையானதா பகுதியா, காலர் அல்லது பெல்ட் எத்தனை நாள், கதீட்டரின் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) அளவு, அதை மாற்ற வேண்டிய தேதி, வழக்கமான ரத்த அழுத்தம். கடைசியில் உள்ளதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். புரட்டுவதையும் கதீட்டர் போடுவதையும் பார்த்துக்கொண்டால் போதாது. செவிலியர் முன்னால் நீங்களே செய்து பழகுங்கள்.

படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும், இரவிலும்தான். முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எடையெல்லாம் இடுப்பெலும்பு முனையில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை: குதிகால் மெத்தையில் படக்கூடாது. நடுவில் ஓட்டையுள்ள ரிங் குஷன் வேண்டாம், அதன் விளிம்பே ரத்த ஓட்டத்தை நெரிக்கும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளிறாமல் அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது, சூட்டையும் கெட்டித்தன்மையையும் தடவிப் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள். அதன் மேல் எடை விழாமல் பார்த்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வீல்சேரில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை முன்னால் சாய்ந்து 2 நிமிடம் இருக்க வேண்டும்.

விட்டுவிட்டுக் கதீட்டர் போடுபவருக்கு 4 முதல் 6 மணி நேர இடைவெளி. ஒரு தடவையில் 500 மில்லிக்கு மேல் வந்தால் இடைவெளியைக் குறையுங்கள், தண்ணீரை அல்ல.

நெஞ்சு முதுகெலும்பின் 6ஆம் மட்டத்திலோ அதற்கு மேலோ காயமென்றால், திடீரென மண்டையைப் பிளக்கும் தலைவலியும் முகத்தில் வியர்வையும் வந்தால் அது ரத்த அழுத்தம் எகிறுவதன் அறிகுறி, உயிருக்கு ஆபத்து. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் அவசரப் பிரிவு. அங்கே ரத்த அழுத்தம் 130 இருப்பதைப் பார்த்து "நார்மல்தான்" என்பார்கள். இவருக்கு வழக்கம் 100 என்ற தாளை அப்போது நீட்டுங்கள்.

பிசியோதெரபி கிடைக்காதபோது மூட்டுகளைத் தினமும் மெதுவாக அசைத்துவிடலாம், கழுத்து 6ஆம் மட்டக் காயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. அவரால் மணிக்கட்டைத் தூக்க முடியும், விரல்கள் அசையாது. ஆனால் மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் தாமாக மடங்கும்; லேசான பொருளை எடுக்க உதவுவது அந்த மடிப்புதான். மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேர நிமிர்த்தி இழுத்தால் தசைநாண் தளர்ந்து அந்தப் பிடி போய்விடும். விரல்களை விரிக்கும்போது மணிக்கட்டை மடக்கிப் பிடியுங்கள். மணிக்கட்டை நிமிர்த்தும்போது விரல்களை மடங்க விடுங்கள்.